பளிச்சக்கா கொன்ற கிருமி

பளிச்சக்காவின் வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் கைகழுவும் இடத்தைத்தான் காட்டுவார். உட்காருங்கள், தண்ணீர் குடிக்கிறீர்களா என்பதெல்லாம் அதற்குப் பிறகு. மின்சார மீட்டர் பார்க்க வருகிறவர் மீட்டரைத் தொடுமுன் ஒருமுறை, தொட்ட பின் ஒருமுறை கைகழுவிவிட்டுத்தான் போக வேண்டும். அவரும் முதல் இரண்டு தடவை முறைத்துப் பார்த்தார். பிறகு தானாகவே குழாயடிக்குப் போகப் பழகிவிட்டார்.

கணவர் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். மனிதர் கையில் கிரீஸ் இல்லாமல் வீடு திரும்பிய நாளே கிடையாது. பின்கட்டுக் குழாயில் முழங்கை வரை தேய்த்து, இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டி, அக்கா தலையாட்டினால்தான் சமையலறைக்குள் அனுமதி. "டாக்டர் வந்திருக்கேன், ஆபரேஷன் தியேட்டரைத் தொற" என்பார். இருபத்தைந்து வருடமாக அதே ஜோக். அக்காவும் இருபத்தைந்து வருடமாகச் சிரிக்காமலேயே கதவைத் திறந்துவிடுகிறார்.

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருக்கத்தான் செய்கிறது. சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அதற்கு வேலையில்லை. இறைச்சி பதப்படுத்தும் ஆலையில் துப்புரவுப் பிரிவுக்குத் தலைவி அவர். காலை ஷிப்டுக்கு அரை மணி நேரம் முன்பே வந்து, கையில் டார்ச்சோடு ஒவ்வொரு எந்திரத்தின் அடியிலும் குனிந்து பார்ப்பார். திருகாணியின் மரைக்குள் ஒட்டியிருக்கும் கொழுப்புத் துணுக்குகூட அந்த டார்ச்சுக்குத் தப்பாது. "இதுக்குப் பேர்தான் பளிச்சா?" என்று தன் ஆட்களைக் கேட்டுக் கேட்டே பளிச்சக்கா ஆகிவிட்டார். மேனேஜர்கூட ஒருமுறை பெரிய கூட்டத்தில் வாய்தவறி "நம்ம பளிச்சக்கா" என்று சொல்லி நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ஆலையிலேயே மிகக் குளிரான இடம் துண்டு போடும் அறை. வேகவைத்து ஆறவைத்த கோழி இறைச்சி அங்கேதான் மெல்லிய துண்டுகளாக வெட்டப்பட்டு, காற்றை உறிஞ்சியெடுத்த பிளாஸ்டிக் உறைகளுக்குள் போகும். பதினொரு பெண்கள் வெள்ளைக் கோட்டுக்குள் இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நிற்பார்கள். மூக்கு நுனி சிவந்திருக்கும், வாய் மட்டும் ஓயாது. யார் வீட்டுக் குழந்தைக்குப் பல் முளைத்தது, யார் மாமியார் யாரோடு பேசுவதில்லை என்பதெல்லாம் அந்தக் குளிரிலும் ஆறாமல் பரிமாறப்படும். அவர்களில் உயரமானவளை எல்லாரும் நெட்டை என்பார்கள். பன்னிரண்டு வருடம் அங்கேயே நின்றவள். கணவன் இல்லை, இரண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். அந்த அறையை நம்பித்தான் அவள் வீட்டில் அடுப்பெரிந்தது. மற்றப் பத்துப் பேர் கதையும் ஏறக்குறைய அதுதான்.

போன வருடம் அந்த அறைக்குத்தான் கேடு வந்தது. இருபத்தொரு நாள் கெடாமல் இருக்கும் என்று அச்சடித்து அனுப்பிய உறைகள் பன்னிரண்டாம் நாளே உப்பின. திறந்தால் புளித்த வாடை, தொட்டால் வழவழப்பு. கேண்டீன்களுக்கு மொத்தமாக வாங்கும் பெரிய வாடிக்கையாளர் இரண்டு லாரிச் சரக்கைத் திருப்பி அனுப்பினார். போதாக்குறைக்கு, ஒரு உறையில் ஆபத்தான கிருமி இருந்ததாக ஒரு காகிதமும் கூடவே வந்தது. நல்லவேளை, யாரும் சாப்பிடுவதற்கு முன்பே பிடித்துவிட்டார்கள். மூன்று மாதம் தவணை. அதற்குள் சரிசெய்யாவிட்டால் துண்டு போட்ட இறைச்சி இனி வேண்டாம், முழுதாக வேகவைத்ததை மட்டும் வாங்கிக்கொள்கிறோம் என்று எழுதியிருந்தார்கள். முழுதாக அனுப்புவதற்குத் துண்டு போடும் அறை எதற்கு? பதினொரு பேர் எதற்கு?

பளிச்சக்காவுக்கு அது தன் முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அறையைக் கழற்றிப் போட்டுக் கழுவினார். மூன்று நாள் கழுவினார். கத்திகளைக் கழற்றி, வடிகால் மூடியைப் பெயர்த்து, சுவர் மூலைகளைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். கிருமி குறைந்தது. ஒழியவில்லை.

அப்போதுதான் மேனேஜர் ஆய்வகத்துக்கு ஒரு பெண்ணை வேலைக்கு எடுத்தார். ஒல்லியான பெண். முகத்தில் பாதியைக் கண்ணாடி எடுத்துக்கொண்டது. துண்டு போடும் அறையில் காலடி வைத்த கால் மணி நேரத்துக்குள் அவளுக்குச் சோடாபுட்டி என்று பெயர் விழுந்துவிட்டது. அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "காலேஜ்லயும் இதே பேர்தான்" என்று சொல்லிச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கே பளிச்சக்காவுக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

அவள் கொண்டுவந்தது ஒரு பொடி. உறைகுளிர் பெட்டிக்குள் சின்னச் சின்ன ஃபாயில் பொட்டலங்களாக வைத்திருந்தாள். கொதித்து ஆறிய தண்ணீரில் அதைக் கரைத்து, ஒரு தெளிப்பான் தொட்டியில் ஊற்றுவாள். துண்டுகள் உறைக்குள் போகுமுன் அவற்றின்மேல் பனிபோல மெல்லிய சாரல் விழும். அவ்வளவுதான். என்ன பொடி என்று நெட்டை கேட்டதற்கு, "பாதுகாப்புப் பொடி. இயற்கையானது" என்று மட்டும் சொன்னாள். அதற்குமேல் வாய் திறக்கவில்லை. திறக்கக் கூடாது என்பது மேனேஜரின் கட்டளை. "கிருமியத் தெளிக்கிறோம்னு மட்டும் சொல்லிடாதம்மா. பாதிப் பேர் மயங்கி விழுவாங்க. மீதிப் பேர் வெளில போய்ச் சொல்லிடுவாங்க" என்றிருந்தார். அந்தக் கட்டளைதான் பின்னால் எல்லாரையும் படுத்தி எடுத்தது.

தொட்டியைக் கழுவுவது யார் என்ற பேச்சு வந்தபோது, "அதை நானே பாத்துக்கறேன்க்கா" என்றாள் சோடாபுட்டி. பளிச்சக்கா சரி என்று தலையாட்டினார். மனசு கேட்கவில்லை. மறுநாள் காலை டார்ச்சோடு வந்தவர், தொட்டியை மூடியிருந்த வெள்ளைத் துணியை மெல்ல விலக்கினார். உள்ளே முகர்ந்தார். ஒன்றுமே மணக்கவில்லை. நீராவி காட்டித் துடைத்திருக்கிறது, அவ்வளவுதான். சானிடைசர் வாசனையே இல்லாத ஒரு பாத்திரத்தைச் சுத்தம் என்று அவரால் எப்படி ஒப்புக்கொள்ள முடியும்?

"பாவம், படிச்ச புள்ள. வீட்ல ஒரு டம்ளர் கழுவியிருக்குமோ என்னவோ" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். இரண்டு கோப்பை சானிடைசர் கரைசலை ஊற்றிக் குலுக்கி, தெளிப்பான் குழாய் வழியாக வெளியேற்றினார். அந்தக் கரைசலை ஊற்றினால் திரும்ப அலச வேண்டியதில்லை. ஈரமாக அப்படியே விட்டுவிடலாம், அதுதான் அதன் சிறப்பே. துணியைப் பழையபடி மூடி வைத்தார். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அந்தப் பெண்ணுக்குத் தலைகுனிவு ஆகிவிடும் என்ற நல்ல எண்ணம்.

மூன்று வாரம் கழித்து உறைகளைத் திறந்தார்கள். பொடி தெளித்ததும் தெளிக்காததும் ஒரே லட்சணத்தில் இருந்தன. சோடாபுட்டியின் முகத்தில் ஈயாடவில்லை. ஆய்வகத்தில் பத்துத் தடவை பார்த்தபோது பத்துத் தடவையும் வேலை செய்த பொடி அது. இரண்டாம் முறை முயன்றாள். இன்னும் கவனமாக எடைபோட்டு, இன்னும் கவனமாகக் கரைத்தாள். பளிச்சக்காவும் சும்மா இருக்கவில்லை. போன தடவை கெட்டுப்போனதே என்ற கவலையில் இந்தத் தடவை மூன்று கோப்பை ஊற்றினார்.

இரண்டாவதும் தோற்றது. மேனேஜர் துண்டு போடும் அறை வாசலில் நின்று, இந்த மாதக் கடைசியோடு அறையை மூடுவதாகச் சொன்னார். அவருக்கும் சொல்லப் பிடிக்கவில்லை. யாரையும் பார்க்காமல் சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தே சொல்லிவிட்டுப் போனார். வாய் ஓயாத பதினொரு பேரும் அன்று மத்தியானம் வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

பழைய கண்ணாடித் தட்டுகளை வாங்கிக் கொதிநீராவியில் போடுவது பளிச்சக்காவின் வேலைகளில் ஒன்று. அதற்காக ஆய்வகத்துக்குள் போனபோது சோடாபுட்டி கண்ணாடியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தாள். கண்கள் வீங்கியிருந்தன.

"அழாத கண்ணு. உன்மேல என்ன தப்பு?" என்றார் அக்கா.

"தப்பு எங்கன்னே தெரியலக்கா. அதான் அழுகையா வருது." ஒரு தட்டை எடுத்து வெளிச்சத்தில் காட்டினாள். "இங்க பாருங்க. தட்டு முழுக்கப் படர்ந்திருக்கு பாருங்க, அது கெட்ட கிருமி. நடுவுல நம்ம பொடி ஒரு சொட்டு. அந்தச் சொட்டைச் சுத்தி வட்டமா ஒன்னுமே முளைக்கல, தெரியுதா? கிட்ட வந்ததெல்லாம் செத்துப்போச்சு. இவ்வளவு நல்லா வேலை செய்யுது. அங்க கொண்டுபோனா மட்டும் ஏன் செய்யலன்னு தெரியல."

பளிச்சக்கா தட்டை வாங்கிப் பார்த்தார். மங்கலான படலத்தின் நடுவே கழுவித் துடைத்த மாதிரி ஒரு தெளிந்த வட்டம். அவருக்கே பொறாமையாக இருந்தது, அவ்வளவு சுத்தம்.

"இது என்ன கிருமி?"

"ஃபிரிட்ஜுக்குள்ளயே வளர்ற ஒன்னு இருக்குக்கா. மத்ததெல்லாம் குளிர்ல தூங்கிடும், இது மட்டும்..."

"லிஸ்டீரியாவா?"

சோடாபுட்டி நிமிர்ந்து பார்த்தாள். "உங்களுக்கு எப்படிக்கா இந்தப் பேர் தெரியும்?"

தெரியாமல் என்ன? மகள் வயிற்றில் ஏழு மாதமாக இருந்தபோது, ஏதோ ஒரு கடையில் வாங்கி வைத்திருந்த இறைச்சியை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து அப்படியே சாப்பிட்டார். இரண்டு வாரம் கழித்துக் காய்ச்சல். பிறகு வலி. பிறந்த குழந்தை உள்ளங்கையளவுதான் இருந்தது. நாற்பத்தொரு நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தது. டாக்டர் அந்தப் பெயரை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் காட்டினார். பெட்டியின் ஓட்டைக்குள் கைவிடச் சொல்லிக் கொடுத்த நர்ஸ், விரல் நுனி முதல் முழங்கை வரை எப்படிக் கழுவ வேண்டும் என்று தினமும் கூடவே நின்று கழுவிக் காட்டினார். குழந்தை பிழைத்தது. இன்று நர்சரிப் பள்ளியில் டீச்சர், தொண்டை கிழியக் கத்தி முப்பது வாண்டுகளை மேய்க்கிறாள். அந்த நர்ஸை நினைக்காமல் பளிச்சக்கா ஒருநாளும் கைகழுவியதில்லை. குழந்தைக்கு இரண்டு வயதானதும் தேடிப்போய்ச் சேர்ந்த வேலைதான் இந்தத் துப்புரவு வேலை. இதையெல்லாம் சோடாபுட்டியிடம் நாலே வாக்கியத்தில் சொல்லி முடித்தார்.

அந்தப் பெண் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். பிறகு, மேனேஜர் சொன்னதையெல்லாம் மறந்து, "உங்ககிட்ட மறைக்க மனசு வரலக்கா. இது பொடியே இல்ல. இதுவும் கிருமிதான். நல்ல கிருமி. பாலைத் தயிராக்குது பாருங்க, அந்த வம்சம். குளிர்லயும் மெதுவா வளரும். வளர்றப்போ ஒரு பொருளை வெளியில விடும், அது அந்தக் கெட்டதையும், உறைய உப்ப வைக்கறதையும் கொன்னுடும். நமக்கு ஒன்னும் பண்ணாது. ஆனா அது உயிரோட இருக்கணும், அதுதான் முக்கியம்" என்றாள்.

"உயிரோடவா?"

"ஆமாக்கா. செத்த கிருமி எப்படிக் காவல் காக்கும்?"

பளிச்சக்கா கையிலிருந்த தட்டை மேசைமேல் வைத்தார். தட்டுகளை எடுத்துப்போக வந்ததை மறந்து வெறுங்கையோடு வெளியே வந்தார். முதலில் இரண்டு கோப்பை. பிறகு மூன்று கோப்பை. எந்தக் கிருமி அவர் பிள்ளையைக் கொல்லப் பார்த்ததோ அதைக் கொல்ல வந்த ஒரே காவல்காரனை அவரே தன் கையால், நல்ல எண்ணத்தோடு, துணியை விலக்கிக் கொன்றிருக்கிறார்.

அன்று சாயங்காலம் கணவர் குழாயடியில் கையைத் தேய்த்துவிட்டு நீட்டிக் காட்டினார். அக்கா பார்க்காமலே தலையாட்டினார். மனிதர் பதறிப்போனார். "என்னடி ஆச்சு? உடம்பு சரியில்லையா?"

படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினார். "நாளைக்குப் போய்ச் சொன்னா மெமோ குடுப்பாங்க. இருபத்திமூணு வருஷத்துல ஒரு மெமோ வாங்கினதில்லங்க. வேலைய விட்டே அனுப்பினாலும் அனுப்புவாங்க. சொல்லலைன்னா யாருக்கும் தெரியப் போறதும் இல்ல."

கணவர் ஈரக் கையை உதறியபடி யோசித்தார். "எங்க டிப்போல ஒருத்தன் பிரேக்ல பண்ணின தப்பை மறைச்சுட்டான். யாருக்கும் ஒன்னும் ஆகல. ஆனா இன்னைக்கு வரைக்கும் அந்த பஸ் போறப்பல்லாம் அவன் எழுந்து நின்னு பார்ப்பான். உன்னால அப்படி நிக்க முடியுமா?"

"முடியாது."

"அப்புறம் என்ன கேள்வி? உள்ள வா, நான் டீ போடறேன். கை சுத்தமாத்தான் இருக்கு, பாத்துக்க."

மறுநாள் காலை பளிச்சக்கா மேனேஜர் அறைக்குள் போனார். சோடாபுட்டியும் அங்கே நின்றுகொண்டிருந்தாள், தன் பொருட்களை எடுத்துக்கொண்டு போகிற நாளைப் பற்றிப் பேச. அக்கா உட்காரவில்லை. பூசி மெழுகாமல் சொன்னார். எந்தத் தேதி, எத்தனை கோப்பை, ஏன் சொல்லவில்லை, எல்லாம்.

மேனேஜர் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். "நீங்களா? இந்த ஆலைல வேற யார் செஞ்சிருந்தாலும் நம்பியிருப்பேன்."

சோடாபுட்டி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டாள். ஒரு கணம் அவள் திட்டப்போகிறாள் என்றுதான் அக்கா நினைத்தார். அவளோ பாய்ந்து வந்து கட்டிக்கொண்டாள். "அக்கா, நீங்க என்ன சொல்லிட்டீங்கன்னு உங்களுக்கே தெரியல! சார், அது தோக்கல சார். அதை வேலை செய்யவே நாம விடல. ரெண்டும் வேற வேற." பிறகு குரல் தாழ்ந்தது. "நானும்தான் சார். தொட்டிக்குள்ள ஊத்தறதுக்கு முன்னாடி எண்ணிப் பாத்தேனே தவிர, தெளிப்பான் வாயில வர்றதை எடுத்து ஒரு தடவைகூடப் பாக்கல. என்னன்னு சொல்லாம வச்சிருந்ததும் தப்பு."

கடைசி வாக்கியம் யாருக்கு என்று மேனேஜருக்குப் புரிந்தது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். மூன்றாம் முறை செய்து பார்க்கலாம் என்றார். தோற்றால் பேச்சே கிடையாது என்றார். வாடிக்கையாளர் கொடுத்த தவணைக்குள் சரியாக ஒரு முறைக்குத்தான் நாள் இருந்தது. பிறகு, சட்டம் சட்டம்தானே என்று மெமோவையும் அன்றைக்கே எழுதிக் கொடுத்தார். அனுமதியின்றி ஆய்வுக் கருவியில் கை வைத்ததற்காக. பளிச்சக்கா கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார். வெளியே வந்தபோது நெஞ்சு லேசாகியிருந்தது, அதற்காக அந்த வராந்தாவிலேயே நின்று, யாருக்கென்று தெரியாமல் ஒரு நன்றி சொன்னார்.

அக்கா கேட்டுக்கொண்டபடி, துண்டு போடும் அறையிலும் விஷயத்தைச் சொன்னார்கள். யாரும் மயங்கி விழவில்லை. "தயிர் வம்சம்தானே, சொல்லியிருந்தா நாங்க ஒரு பேர் வச்சிருப்போமே" என்றாள் நெட்டை. தவறு செய்தது யார் என்பதையும் அக்காவே சொன்னார். பதினொரு பேரும் அவரையே பார்த்தார்கள். தங்கள் பிழைப்பில் மண் விழ இருந்ததே என்று அந்தப் பார்வையில் கோபமும் இல்லாமல் இல்லை. ஒருத்தி கத்தியைத் துடைப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அக்கா அதையும் வாங்கிக்கொண்டார்.

மூன்றாம் முறை தொட்டியைக் கழுவும்போது சோடாபுட்டி அக்காவைக் கூடவே நிற்கச் சொன்னாள். சோப்பு, நீராவி, உலர்த்தல், அவ்வளவுதான். சானிடைசர் கேன் எட்டும் தூரத்தில் இருந்தது. அக்காவுக்குக் கை பரபரத்தது. இரண்டு கையையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு நின்றார். கடைசியாகச் சோடாபுட்டி குழாயை அலச ஆலைத் தண்ணீரைத் திறந்தாள்.

"நிறுத்து, நிறுத்து!" அக்கா குனிந்து முகர்ந்தார். "இந்தத் தண்ணில குளோரின் இருக்கு. இன்னைக்கு ஆலைத் தண்ணித் தொட்டில அதிகமா போட்டிருக்காங்க. உனக்கு மணக்கல?"

சோடாபுட்டிக்கு மணக்கவில்லை. சோதிக்கும் காகிதத்தை நனைத்துப் பார்த்தாள். நிறம் மாறியது. குழாயை அலசவும் கொதித்து ஆறிய தண்ணீரே என்று அப்போதே எழுதிக்கொண்டாள். அன்று தெளிப்பான் வாயிலிருந்து எடுத்த சாரலைத் தட்டில் தடவி வைத்தாள். இரண்டு நாளில் தட்டு முழுக்க ரவை தூவியதுபோல வெள்ளைப் புள்ளிகள். எல்லாம் உயிரோடு இருந்தன. கிருமி வளர்ந்ததற்காகப் பளிச்சக்கா சந்தோஷப்பட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

அந்த மூன்று வாரமும் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. தினமும் குளிர் அறைக் கதவைத் திறந்து, அலமாரியில் அடுக்கிய உறைகளைத் தொடாமல் பார்த்துவிட்டு வருவார். பத்தாம் நாள் பொடி தெளிக்காத வரிசையில் ஒன்று லேசாக உப்பியது. பன்னிரண்டாம் நாள் நாலு. தெளித்த வரிசை அப்படியே உறையோடு ஒட்டிக் கிடந்தது. "நல்லா இருங்க, கண்ணுகளா" என்று அந்த வரிசையைப் பார்த்துச் சொல்லிவிட்டு, யாராவது கேட்டுவிட்டார்களா என்று திரும்பிப் பார்த்தார். வாசலில் நெட்டை நின்றிருந்தாள். கதவைப் பிடித்துக்கொண்டு அவருக்கு வழிவிட்டாள்.

இருபத்தொன்றாம் நாள் எல்லார் முன்னிலையிலும் திறந்தார்கள். தெளிக்காததைத் திறந்ததும் மேனேஜர் இரண்டடி பின்னால் போனார். தெளித்ததைத் திறந்து அக்காவின் மூக்குக்கு நேராக நீட்டினாள் சோடாபுட்டி. அக்கா கண்ணை மூடி முகர்ந்தார். வேகவைத்த கோழி மணம், வேறொன்றும் இல்லை. தலையாட்டினார். அந்தத் தலையாட்டலுக்கே நாலு பேர் கைதட்டிவிட்டார்கள். சோடாபுட்டி விடவில்லை, மூக்கை நம்பி விற்க முடியாது என்றாள். இன்னும் சில நாள் தட்டுகளை வைத்துப் பார்த்தாள். தெளித்த உறைகளில் லிஸ்டீரியா ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. வாடிக்கையாளரும் தன் பங்குக்குச் சோதித்துப் பார்த்துவிட்டு, துண்டு போட்டதையே அனுப்புங்கள், ஒவ்வொரு வாரமும் சோதனை முடிவும் கூடவே வர வேண்டும் என்று எழுதினார்.

கடிதம் வந்த அன்று மத்தியானச் சாப்பாட்டின்போது நெட்டை அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அக்கா, அந்த மெமோவக் குடுங்களேன். மெமோன்னா எப்படி இருக்கும்னு பாத்ததே இல்ல." அக்கா அதைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுக் கைப்பையிலேயே வைத்திருந்தார். எடுத்துக் கொடுத்தார். அரை மணி கழித்துத் திருப்பித் தந்தார்கள். பார்க்காமல் பையில் வைத்துக்கொண்டார்.

ஷிப்ட் முடிகிற நேரத்தில் மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். சோடாபுட்டி அங்கே இருந்தாள். மேசைமேல் புதிய வேலை விதிமுறைத் தாள் ஒன்று அச்சாகி இருந்தது. தெளிப்பானில் கிருமிநாசினி படக் கூடாது, அலசும் தண்ணீரில் குளோரின் இருக்கக் கூடாது, தெளிப்பான் வாயிலிருந்து மாதிரி எடுக்க வேண்டும். கீழே, முறையைக் கண்டறிந்தவர்கள் என்ற இடத்தில் இரண்டு பெயர்கள். ஒன்று சம்பளப் பட்டியலில் மட்டுமே வழங்கிவந்த பெயர். தன் பெயரை அச்சில் பார்த்ததும் அக்காவுக்கு யாரோ வேறொருத்தி என்று தோன்றியது.

"இதுல என் பேர் எதுக்கு கண்ணு? நான் கெடுத்தவ."

"நீங்க சொல்லாம இருந்திருந்தா நான் இந்நேரம் வேற ஊர்ல வேலை தேடிட்டு இருந்திருப்பேன்க்கா. இதைத் தோத்துப்போன பொடின்னு எழுதி மூடியிருப்பாங்க" என்றாள் அவள். அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். நன்றி என்று வாய்விட்டுச் சொன்னார். அவளும் சொன்னாள். யார் யாருக்குச் சொல்வது என்று இரண்டு பேருக்கும் குழம்பிப்போயிற்று.

மேனேஜர் கையை நீட்டினார். "அந்த மெமோவக் குடுங்க. கிழிச்சுப் போட்டுடலாம். ஃபைல்ல இருக்கறதையும் எடுத்துடறேன். உங்க ரெக்கார்டு பழையபடி சுத்தமாவே இருக்கட்டும்."

அக்காவுக்கு அது பெரிய விஷயம்தான். பையைத் திறந்து எடுத்துக் கொடுத்தார். மேனேஜர் உறையிலிருந்து உருவி, கிழிக்க வாகாக இரண்டு கையிலும் பிடித்தார். காகிதத்தின் பின்புறத்தில் மை தெரிந்தது. திருப்பிப் பார்த்தார். படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

"இதைக் கிழிக்க எனக்கு அதிகாரம் இல்லம்மா" என்று அக்காவிடமே நீட்டினார்.

பின்பக்கத்தில் நெட்டையின் கோணல் எழுத்து. "அக்கா, இது உங்களுக்கு வந்த மெமோ இல்ல. எங்க பதினொரு பேருக்கும் திரும்பி வந்த வேலை. நீங்க நல்லா இருக்கணும்." அதன் கீழே பதினொரு கையெழுத்துகள். முகத்தைத் திருப்பிக்கொண்டவளின் கையெழுத்துதான் முதலில் இருந்தது. எல்லாரும் ஈரக் கையோடு போட்டிருந்ததால் நாலைந்து இடத்தில் மை ஊறிப் பரவியிருந்தது.

பளிச்சக்கா அதை இரண்டு தடவை படித்தார். கண் மறைத்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

"சார், ஒரு உதவி. இதை ரெண்டு பக்கமும் ஜெராக்ஸ் எடுத்துக்கங்க. ஃபைல்ல அதை வைங்க, கிழிக்க வேணாம். இது எனக்கு வேணும்."

மேனேஜர் தானே எழுந்துபோய் ஜெராக்ஸ் எடுத்துவந்தார். அக்காவின் கோப்பில் இன்றும் அந்த நகல்தான் இருக்கிறது.